டச்பேட் சொன்னபடி கேட்காதபோது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட, ஆனால் இன்னும் நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்களில் லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா என்று ஏதாவது ஒன்றைப் போட்டுப் பார்க்கிறவர்கள் இந்த நூலை எடுத்திருப்பீர்கள். வைஃபை வந்துவிடும், ஒலி வந்துவிடும், திரை பளிச்சென்று இருக்கும். டச்பேடில் விரலை வைத்தால் கர்சர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சிலருக்குக் கர்சர் நகரும். தட்டினால் கிளிக் ஆகாது. இன்னும் சிலருக்கு, லேப்டாப்பை மூடித் திறந்ததும் டச்பேட் செத்துப்போயிருக்கும். இதைப் பார்த்ததுமே மனம் வெறுத்து விண்டோஸுக்குத் திரும்பிவிட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விரல் பட்டதிலிருந்து கர்சர் நகர்வது வரை மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, டச்பேடும் அதற்கு மின்சாரமும் அனுமதியும் கொடுக்கும் பயாஸும். இரண்டாவது, லினக்ஸின் கெர்னல். அதில் உள்ள டிரைவர்தான் டச்பேடின் மொழியைப் புரிந்துகொள்கிறது. மூன்றாவது, லிப்இன்புட் என்ற மென்பொருளும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் டெஸ்க்டாப் செட்டிங்ஸும். இரு விரல் அசைந்தால் அது ஸ்க்ரோலா, ஓரத்தில் பட்டது விரலா உள்ளங்கையா என்று தீர்மானிப்பது இந்த லிப்இன்புட். கெர்னலுக்கே டச்பேட் இருப்பது தெரியாதபோது செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் வீண்தான். அதுபோல, தட்டு கிளிக் செட்டிங்ஸில் அணைந்திருக்கும்போது கெர்னலை மாற்றுவதும் வீண் வேலை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வரிசையிலேயே போகிறது.

வேலையைத் தொடங்க ஒரு யுஎஸ்பி மவுஸைச் செருகிக்கொள்ளுங்கள். மவுஸ் இல்லையென்றால் கீபோர்டு போதும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்குப் போக டேப், தேர்வு செய்ய என்டர். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். எந்தக் கோப்பில் என்ன மாற்றினீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். பலன் தராத மாற்றத்தைத் திரும்ப எடுத்த பிறகே அடுத்ததைச் செய்து பாருங்கள்.

முதலில் கருவி

எளிய விஷயத்தை முதலில் கழித்துவிடுவோம். கீபோர்டின் மேல் வரிசையில், எஃப்1 முதல் எஃப்12 வரை உள்ள விசைகளில் ஒன்றில் டச்பேட் படம் போட்டிருக்கும். அதை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் டச்பேட் அணையும், மறுபடி அழுத்தினால் உயிர்பெறும். லினக்ஸ் நிறுவும் அவசரத்தில் கை தவறி அதில் பட்டிருக்கலாம். சில பழைய எச்பி லேப்டாப்களில் டச்பேடின் இடது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதை இரண்டு முறை தட்டினாலும் இதே கதைதான். பயாஸுக்குள்ளும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சில ஏசர் லேப்டாப்களில் டச்பேடுக்கு பேசிக், அட்வான்ஸ்டு என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பேசிக் என்றால் டச்பேடை மதர்போர்டோடு இணைக்கும் பழைய பிஎஸ்/2 வழி, அட்வான்ஸ்டு என்றால் புதிய ஐ2சி வழி. ஒன்றில் வேலை செய்யாத டச்பேட் மற்றொன்றில் வேலை செய்வது உண்டு.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. அரைத்தூக்கத்தில் விடப்பட்ட டச்பேடை லினக்ஸால் எழுப்ப முடியாமல் போகலாம். விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள். அல்லது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே அணைத்துவிடுங்கள். இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர்களுக்கு அதனால் தொல்லைதான் அதிகம்.

அடுத்து வருவது நம்மூரில் நிறையப் பேருக்கு வரும் தொல்லை. சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் கர்சர் துள்ளுகிறதா? தானாகக் கிளிக் ஆகிறதா? லினக்ஸில் எதையும் தொடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கர்சர் அமைதியாகிவிட்டால் குற்றம் எர்த்தில் இருக்கிறது. விரல் அருகில் வரும்போது டச்பேடுக்கு அடியிலுள்ள மின்கம்பிப் பின்னலில் மின்தேக்கம் மிகச் சிறிய அளவில் மாறும். அந்த மாற்றத்தை அளந்துதான் விரல் எங்கே இருக்கிறது என்று டச்பேட் கணக்கிடுகிறது. எர்த் இல்லாத சார்ஜரிலிருந்து லேப்டாப்பின் உடம்புக்கு வரும் மின் இரைச்சல் இந்தச் சின்ன மாற்றத்தைக் குழப்பிவிடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் மாற்றியில் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துபோகும். சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தும் அதற்குப் பின்னால் எர்த் கம்பி இழுக்கப்படாத வீடுகளும் உண்டு. லேப்டாப்பின் உலோகப் பகுதியை விரலால் மெதுவாகத் தடவும்போது 'சுர்ர்' என்று ஒரு அதிர்வு தெரிந்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வியர்த்த விரலாலும் கர்சர் தடுமாறும்; துடைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் இந்த அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டு உடனே சர்வீஸ் கடைக்குப் போக வேண்டும். டச்பேட் ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது, கிளிக் அமுங்க மறுக்கிறது, சமதள மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கிறது. சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அணைத்துவிடுங்கள். மேலிருந்து அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும்.

கெர்னலுக்குத் தெரிகிறதா?

கருவியில் குறை இல்லை என்று ஆன பிறகு டெர்மினலைத் திறங்கள். இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். முதல் கட்டளை: 'சுடோ லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்'. இப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தால், உபுண்டு, மின்ட், டெபியனில் 'லிப்இன்புட்-டூல்ஸ்' என்ற தொகுப்பையும், ஃபெடோராவில் 'லிப்இன்புட்-யூடில்ஸ்' என்ற தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

கீபோர்டு, பவர் பட்டன், கேமரா என்று நீண்ட பட்டியல் ஓடும். அதில் டச்பேட் என்று முடியும் பெயரைத் தேடுங்கள். சினாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ் என்ற தயாரிப்பாளர் பெயர்களில் ஒன்று முன்னால் இருக்கலாம். அதே பெயரோடு மவுஸ் என்று இன்னொரு வரியும் இருந்தால் குழம்ப வேண்டாம், ஐ2சி டச்பேடுகள் பல இப்படி இரட்டையாகத்தான் தங்களை அறிவிக்கும். டச்பேட் என்ற பெயர் இருக்கிறது என்றால் கெர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. நீங்கள் நேராக 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போகலாம்.

பட்டியலில் டச்பேட் இல்லை, 'பிஎஸ்/2 ஜெனரிக் மவுஸ்' என்று மட்டும் இருக்கிறது என்றால் நிலைமை வேறு. பிஎஸ்/2 என்பது ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த இணைப்பு முறை. அந்த வட்டத் துளையை லேப்டாப்பின் வெளியே இப்போது காண முடியாது. உள்ளே, டச்பேடுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வழியில் வரும் டச்பேட் முதலில் தன்னைச் சாதாரண மவுஸ் என்றே அறிமுகம் செய்துகொள்ளும். அதன் சொந்த மொழியைக் கெர்னல் கண்டுபிடித்துப் பேசினால்தான் எத்தனை விரல், எந்த இடம் என்ற விவரங்கள் கிடைக்கும். கண்டுபிடிக்காவிட்டால் கர்சர் நகரும், கிளிக்கும் ஆகும். இரு விரல் ஸ்க்ரோல் மட்டும் ஒருபோதும் வராது. டச்பேட் செட்டிங்ஸ் பக்கமே காணோம் என்று தவிப்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

கெர்னல் என்ன நினைக்கிறது என்பதை அதனிடமே கேட்கலாம். சுடோ என்று தட்டி, இடைவெளி விட்டு, டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டுங்கள். கணினி தொடங்கியதிலிருந்து கெர்னல் எழுதிவரும் குறிப்புகள் கொட்டும். அவற்றில் 'பிஎஸ்மவுஸ்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். பி, எஸ் எழுத்துகளோடு மவுஸ் ஒட்டியிருக்கும். சினாப்டிக்ஸ் டச்பேட் உள்ள பல லேப்டாப்களில், திங்க்பேடுகளில் குறிப்பாக, ஒரு வரி இருக்கும்: உங்கள் டச்பேட் வேறொரு பஸ் வழியாகவும் பேசக்கூடியது, 'சினாப்டிக்ஸ்_இன்டர்டச்' என்பதை 1 ஆக வைத்துப் பார்க்கலாம் என்ற பொருளில். கெர்னலே மருந்தையும் எழுதிக்கொடுக்கும் அபூர்வமான இடம் இது. அதைச் செய்து பார்க்க வேண்டியதுதான்.

செய்து பார்ப்பதில் ஒரு முறை உண்டு. கணினியை ரீஸ்டார்ட் செய்து, கணினியை எழுப்பும் கிரப் மென்பொருளின் மெனு வந்ததும் ஆங்கில 'ஈ' விசையை அழுத்துங்கள். மெனு வராவிட்டால் கணினி எழும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட்டை அழுத்துங்கள். திறக்கும் எழுத்துகளில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு, 'பிஎஸ்மவுஸ்.சினாப்டிக்ஸ்_இன்டர்டச்=1' என்று சேருங்கள். எஃப்10 அழுத்தினால் கணினி அந்த மாற்றத்தோடு எழும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான்; பிடிக்கவில்லை என்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகிவிடும். எந்தக் கெர்னல் மாற்றத்தையும் இந்த வழியில் சோதித்த பிறகே நிரந்தரமாக்குங்கள். கோப்பில் நேரடியாக எழுதி, கணினி எழவே மறுத்து, மொத்தத்தையும் மறுபடி நிறுவும் அவதி இதனால் மிச்சமாகும்.

பலன் கிடைத்தால் உபுண்டு, மின்ட், டெபியனில் '/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பைத் திறந்து, 'குவையட்' என்ற சொல் உள்ள வரியில், மேற்கோள் குறிக்குள் இதையும் சேர்த்துவிட்டு, 'சுடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். ஃபெடோராவில் 'கிரப்பி' என்ற கட்டளை இந்த வேலையைச் செய்யும். சில லேப்டாப்களில் எதிர்த்திசைதான் உதவும்: தூங்கி எழுந்ததும் டச்பேட் செத்துப்போனால் 1-க்குப் பதில் 0 போட்டுப் பாருங்கள். எலான் டச்பேடுக்கு இதற்கு இணையானது 'பிஎஸ்மவுஸ்.எலான்டெக்_எஸ்எம்பஸ்=0'.

மூன்றாவது நிலை: பட்டியலில் டச்பேடும் இல்லை, மவுஸும் இல்லை. லேப்டாப் பழையது என்றால் 'ஐ8042.நோமக்ஸ்=1', 'ஐ8042.ரீசெட்' இரண்டையும் ஒவ்வொன்றாக, மேலே சொன்ன கிரப் வழியில் சோதியுங்கள். லேப்டாப் புதியது என்றால் பெரும்பாலும் ஐ2சி விவகாரம். விண்டோஸ் 8.1 காலத்தில், 2013-இல், மைக்ரோசாஃப்ட் பிரிசிஷன் டச்பேட் என்று ஒரு பொது விதிமுறையை வகுத்தது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனி மொழி பேசியது அதன்பின் குறைந்தது. அது லினக்ஸுக்கும் நன்மையாகவே முடிந்தது: ஒரே பொது டிரைவர் ஏராளமான டச்பேடுகளுக்குப் போதும். ஆனால் அந்த டிரைவருக்குக் கீழே, பிராசஸரோடு வரும் ஐ2சி கட்டுப்பாட்டுச் சில்லையும், 'விரல் பட்டது' என்று சொல்லும் குறுக்கீட்டுக் கம்பியையும் கெர்னல் அறிந்திருக்க வேண்டும். நேற்று வந்த பிராசஸரை மூன்று வருடத்துக்கு முந்தைய கெர்னல் அறியாது.

ஆகவே மருந்து, புதிய கெர்னல். மின்ட்டில் அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் என்பதற்குப் போனால் கிடைக்கும் பதிப்புகள் வரிசையாக இருக்கும். புதியதை நிறுவினாலும் பழையது அழிந்துவிடாது. கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அது காத்திருக்கும். நிறுவும் முன்பே விடை தெரிய வேண்டுமா? ஃபெடோராவின் சமீபத்திய பதிப்பைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவாக இயக்கிப் பாருங்கள். ஃபெடோரா எப்போதும் புதிய கெர்னலோடு வரும். அதில் டச்பேட் வேலை செய்தால் உங்களுக்குத் தேவை கெர்னல் மட்டுமே. அதிலும் வேலை செய்யவில்லை என்றால் லேப்டாப் நிறுவனத்தின் பயாஸ் அப்டேட்டைப் பாருங்கள். டச்பேட் எங்கே இணைந்திருக்கிறது என்ற தகவலைக் கெர்னலுக்குத் தருவதே பயாஸ்தான், அதில் பிழை இருப்பது அரிதல்ல.

தூங்கி எழுந்தபின்

மூடித் திறந்தால் டச்பேட் இல்லை, ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது என்றால் டிரைவரை இறக்கி ஏற்றினால் போதும். 'சுடோ மோட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்' என்பது இறக்கும், 'சுடோ மோட்ப்ரோப் பிஎஸ்மவுஸ்' ஏற்றும். ஐ2சி டச்பேடாக இருந்தால் பிஎஸ்மவுஸ் இருக்குமிடத்தில் 'ஐ2சி_எச்ஐடி_ஏசிபிஐ' என்று போடுங்கள், 5.12-க்கு முந்தைய கெர்னலில் கடைசிச் சொல் இல்லாமல் 'ஐ2சி_எச்ஐடி'. பலன் இருந்தால் தினமும் கையால் செய்ய வேண்டாம். '/யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப்' கோப்புறையில் வைக்கப்படும் ஸ்கிரிப்டுகளை, கணினி தூங்கப் போகும்போது 'ப்ரீ' என்ற சொல்லோடும், எழும்போது 'போஸ்ட்' என்ற சொல்லோடும் சிஸ்டம்டி இயக்கும். 'போஸ்ட்' வந்தால் இந்த இரண்டு கட்டளைகளையும் இயக்கு என்று ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி அங்கே வையுங்கள். ஸ்கிரிப்ட் ஓட மறுத்தால் பெரும்பாலும் இயக்கும் அனுமதி தர மறந்திருப்போம். 'சுடோ சிஎச்மோட் +எக்ஸ்' என்று தட்டி, அடுத்து கோப்பின் பெயரைத் தாருங்கள்.

செட்டிங்ஸ்

டச்பேட் தெரிகிறது, கர்சரும் நகர்கிறது, ஆனால் 'சரியில்லை' என்பவர்களுக்கான பகுதி இது. தட்டினால் கிளிக் ஆகாதது கோளாறே அல்ல. தனியாகக் கிளிக் பொத்தான் உள்ள டச்பேடுகளில் தட்டு கிளிக்கை லிப்இன்புட் தானாக இயக்குவதில்லை. செட்டிங்ஸில் மவுஸ் அண்ட் டச்பேட் பகுதியில் டேப் டு கிளிக்கை இயக்குங்கள். வலது ஓரத்தில் அழுத்தினால் ரைட் கிளிக் வரவில்லையா? இரு விரலால் அழுத்திப் பாருங்கள். க்னோம் டெஸ்க்டாப்பின் வழக்கம் அது. மூலையில்தான் வேண்டும் என்றால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்க்ரோல் தலைகீழாகப் போனால் நேச்சுரல் ஸ்க்ரோலிங்கை மாற்றுங்கள்.

விளையாடுபவர்களிடமிருந்து வரும் புகார் ஒன்று: கீபோர்டில் விசையை அழுத்திப் பிடித்தபடி டச்பேடைத் தொட்டால் கர்சர் நகர மாட்டேன் என்கிறது. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் ஓடிவிடாமல் இருக்க லிப்இன்புட் செய்யும் ஏற்பாடுதான் இது. விளையாடும் நேரத்துக்கு 'டிசேபிள் வைல் டைப்பிங்' என்பதை அணைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப இயக்குங்கள். எழுத்து வேலை செய்பவர்கள் அதை அணைக்கவே கூடாது.

செட்டிங்ஸிலும் பிடிபடாவிட்டால் 'சுடோ லிப்இன்புட் டிபக்-ஈவென்ட்ஸ்' என்ற கட்டளையை இயக்கி, டச்பேடில் ஒரு விரலை மெல்ல நகர்த்துங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் 'பாயிண்டர்_மோஷன்' என்று ஒரு வரி ஓடும். பொத்தானை அழுத்தினால் 'பிடிஎன்_லெஃப்ட்' என்ற பெயரோடு 'பிரஸ்டு' என ஒரு வரி, விட்டதும் 'ரிலீஸ்டு' என இன்னொரு வரி. அழுத்திய வரி வந்து, விட்ட வரி வரவே இல்லை என்றால் பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. திரையில் எதைத் தொட்டாலும் இழுபட்டுக்கொண்டே போவதற்குக் காரணம் அதுதான். அங்கே மென்பொருளுக்கு வேலை இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் டெஸ்க்டாப் செட்டிங்ஸை இந்தக் கட்டளை பொருட்படுத்தாது. தட்டு கிளிக்கைச் சோதிக்க, கட்டளையின் கடைசியில் '--எனேபிள்-டேப்' சேர்க்க வேண்டும். கட்டளையை நிறுத்த கன்ட்ரோலும் சி-யும்.

மூன்று விரல், நான்கு விரல் சைகைகள் டெஸ்க்டாப்பைப் பொறுத்தவை. க்னோமில், வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பின் அமர்வில் கிடைக்கும். மின்ட்டின் சினமன் பதிப்பில் 21.2 முதல் உண்டு.

பழைய அறிவுரைகள்

இணையத்தில் தேடினால் 'சின்கிளையன்ட்' என்ற கட்டளையை இயக்கச் சொல்லும், எக்ஸ்ஆர்க் என்ற பழைய திரை அமைப்பின் கோப்பில் சினாப்டிக்ஸ் பகுதியை எழுதச் சொல்லும் குறிப்புகள் ஏராளம் கிடைக்கும். எழுதப்பட்ட காலத்தில் அவை சரியானவை. அன்று டச்பேட் எக்ஸ்ஆர்க்கின் சினாப்டிக்ஸ் டிரைவரின் கையில் இருந்தது. ரெட் ஹேட்டில் பணியாற்றிய பீட்டர் ஹட்டரர் முன்னின்று வளர்த்த லிப்இன்புட் 2015-இல் 1.0 பதிப்பை எட்டியது; அதே ஆண்டில் ஃபெடோரா 22 அதற்கு மாறியது, மற்றவையும் பின்தொடர்ந்தன. இன்று வேலேண்ட் அமர்வில் இருந்துகொண்டு அந்தப் பழைய டிரைவரை நிறுவினால் ஒன்றுமே நடக்காது. எக்ஸ்ஆர்க் அமர்வில் நிறுவினால் டெஸ்க்டாப் செட்டிங்ஸில் பாதி வேலை செய்யாமல் போகும். நீங்கள் எந்த அமர்வில் இருக்கிறீர்கள் என்பதை 'எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' சொல்லிவிடும். டாலர் குறிக்குப் பின் வரும் எழுத்துகள் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். எந்த அறிவுரையைப் பின்பற்றும் முன்பும் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 2015-க்கு முந்தையது என்றால் விட்டுவிடுங்கள்.

தீராவிட்டால்

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால், உங்கள் லேப்டாப் மாதிரியைச் சோதித்தவர்கள் குறைவு என்று பொருள். நல்ல யுஎஸ்பி மவுஸ் ஒன்றோடு வேலையைத் தொடர்ந்தபடியே பிழை அறிக்கை அனுப்புங்கள். பட்டியலில் டச்பேட் பெயரே வராத பிழை நீங்கள் நிறுவிய லினக்ஸ் விநியோகத்தின் (மின்ட், உபுண்டு, ஃபெடோரா) கெர்னல் குழுவுக்குப் போக வேண்டும். பெயர் வந்து நடத்தை மட்டும் கோணல் என்றால் லிப்இன்புட் திட்டத்துக்கு. லேப்டாப்பின் முழு மாதிரிப் பெயர், பயாஸ் பதிப்பு, 'யுநேம் -ஆர்' காட்டும் கெர்னல் எண், டி-எம்-இ-எஸ்-ஜி வெளியீடு இவை அனைத்தும் இருக்கட்டும். நடத்தைப் பிழை என்றால் 'சுடோ லிப்இன்புட் ரெக்கார்ட்' கட்டளையால், பிழை நிகழும் சில வினாடிகளை மட்டும் பதிவுசெய்து இணையுங்கள். அந்தப் பதிவைக் கொண்டு, உங்கள் லேப்டாப் கையில் இல்லாத ஒருவரும் உங்கள் விரல் அசைவை அப்படியே மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும். கீபோர்டைப் பதிவுசெய்ய நேர்ந்தாலும் எழுத்து விசைகளை அந்தக் கருவி மறைத்தே எழுதும் என்பதால், கடவுச்சொல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நான்கு எளிய வாக்கியங்கள் போதும். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை, தகவல் முழுமையாக இருந்தால் சரி. அனுப்பாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.